ராத்திரி இரண்டு மணிக்கு எந்த வாசலுக்குப் போவது?

மனநல அவசரம்: வாசகர் கேள்வி – பதில்

மூன்று எண்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108. பேசவும் வழிகேட்கவும் 14416. தமிழகத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் 2022 அக்டோபரில் தொடங்கிய மனநலத் தொலைபேசிச் சேவை இதுதான். அந்த லைன் கிடைக்காவிட்டால் 104. இவை மூன்றும் இரவு பகல் எந்நேரமும் இயங்குகின்றன, கட்டணம் இல்லை. இனி கடிதங்கள்.

*

என் மகனுக்கு 24 வயது. நான்கு நாளாகக் கண்ணை மூடவில்லை. எதிர்வீட்டில் கேமரா வைத்துத் தன்னைப் பார்க்கிறார்கள் என்கிறான். நேற்று ராத்திரி தடுக்கப்போன அப்பாவைத் தள்ளிவிட்டு, அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றான். சொந்தக்காரர்கள், அமாவாசை கழியட்டும், கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார்கள். திங்கட்கிழமை ஓ.பி. வரைக்கும் பொறுக்கலாமா?
— ஒரு தாய், நத்தம்

பொறுக்க வேண்டாம் அம்மா. நெஞ்சுவலி வந்தால் திங்கட்கிழமைக்குக் காத்திருப்போமா? இதுவும் அப்படித்தான். நான்கு நாள் தூக்கமின்மை, சந்தேகம், கையில் ஆயுதம் மூன்றும் சேர்ந்துவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

போக வேண்டிய இடம் ‘மனநல ஆஸ்பத்திரி’யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரவானால் பக்கத்திலுள்ள பெரிய அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டி போதும். உங்களுக்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே முதலில் சர்க்கரை, காய்ச்சல், தலையில் அடி, போதைப்பொருள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இவற்றாலும் ஒருவர் இப்படி நடந்துகொள்ளலாம். பிறகு அமைதிப்படுத்த ஊசி போடுவார்கள். மனநல மருத்துவர் அப்போதே வரலாம், அல்லது காலையில் பார்ப்பார். அவர் இல்லை என்பதற்காகத் திரும்பிப் போக வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 94-ஆவது பிரிவின்படி, நோயாளியின் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். வீட்டார் பக்கத்தில் இருந்தால் சம்மதம் கேட்பார்கள். அவ்வளவுதான்.

108-ஐக் கூப்பிடும்போது சொல்லும் விதம் முக்கியம். “பையன் மென்டல் மாதிரி கத்துறான்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படிச் சொல்லுங்கள்: “24 வயசு. நாலு நாளாத் தூங்கல. இல்லாததை இருக்குன்னு சொல்றான். கையில அரிவாள்மனை இருக்கு. இதுவரைக்கும் யாருக்கும் காயம் இல்ல. நத்தம், இன்ன தெரு, இன்ன அடையாளம்.” ஆயுதம் இருப்பதை மறைக்காதீர்கள். மறைத்தால் வண்டியில் வருகிறவர் தயாரில்லாமல் உள்ளே வருவார். ஆயுதம் இருந்தால் 112 அல்லது 100-க்கும் சொல்லிவிடுங்கள். போலீஸ் வந்தால் “இது நோய், சிகிச்சைக்குத்தான் கூட்டிப்போகணும்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மனநோய் காரணமாகக் காவலர் பாதுகாப்பில் எடுத்தவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 100-ஆவது பிரிவு சொல்கிறது.

வண்டி வரும்வரை வீட்டில் செய்ய வேண்டியவை. டி.வி.யை நிறுத்துங்கள். கூடியிருக்கும் அக்கம்பக்கத்தாரை அனுப்பிவிடுங்கள். ஜன்னலில் எட்டிப்பார்க்கும் நாலு முகமே அவனுடைய சந்தேகத்துக்குச் சாட்சி ஆகிவிடும். ஒரே ஒருவர் மட்டும் பேசட்டும், அவன் யார் சொன்னால் கேட்பானோ அவர். இரண்டு கை தூரம் தள்ளி, பக்கவாட்டில் நின்று பேசுங்கள். கதவை மறித்து நிற்காதீர்கள். மூலையில் மாட்டிக்கொண்டதாகத் தோன்றினால்தான் பாய்வார்கள். கேமரா இருக்கிறதா இல்லையா என்ற வாதத்துக்குள் நுழையவே வேண்டாம். “கேமராவும் இல்ல, ஒண்ணும் இல்ல, உனக்குப் பைத்தியமா” என்றால் நீங்களும் எதிரி அணி. “ஆமாம், இருக்கு” என்றால் பயம் இரட்டிப்பாகும். “பயமாத்தான்பா இருக்கும் உனக்கு. நாலு நாளாத் தூங்கல, உடம்பு தாங்காது. தூங்குறதுக்கு ஒரு ஊசி போட்டுக்கிட்டு வந்துடலாம், அம்மா கூடவே இருக்கேன்” என்று சொல்லிப்பாருங்கள். தூக்கம் வராத வேதனை அவனுக்கே தெரியும். அதனால் ‘நோய்’ என்பதை ஏற்காதவர்கள்கூட ‘தூக்கம்’ என்றால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி ஏற்றாதீர்கள். அடுத்த முறை நீங்கள் மெய்யாகவே கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் வண்டியில் ஏற மாட்டான். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிச் சோற்றில் பிசைந்து கொடுப்பதும் வேண்டாம். உள்ளே என்ன போயிருக்கிறது என்று தெரியாமல் டாக்டர் அடுத்த ஊசி போட்டால் மூச்சு அடங்கிப்போகலாம்.

வேறு வழியே இல்லாமல் பிடிக்க வேண்டி வந்தால், நாலைந்து பேர் கை கால்களை மட்டும் பிடியுங்கள், மல்லாந்தோ பக்கவாட்டிலோ. குப்புறப் போட்டு முதுகில் உட்காருவதும், கழுத்தை அமுக்குவதும், வாயில் துணி அடைப்பதும் ஆளையே கொல்லும். திமிறுவது சட்டென்று நின்றால் “அடங்கிட்டான்” என்று நினைக்காமல் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். சங்கிலி கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் கூரை எரிந்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். இப்போது சட்டப்படியே அது தடை.

ஒரு துணிப்பையில் இவற்றை எடுத்து வையுங்கள்: ஆதார், ரேஷன் கார்டு நகல், பழைய சீட்டுகள், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளும் (காலி அட்டையையும் சேர்த்து), போன் சார்ஜர், ஒரு லுங்கி, துண்டு, தண்ணீர் பாட்டில். ஒரு தாளில், என்றைக்கு ஆரம்பித்தது, எத்தனை நாள் தூங்கவில்லை, என்ன சொல்கிறான், கஞ்சா அல்லது குடி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று எழுதிக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் டாக்டர் கேட்கும்போது நமக்கே நாக்கு குழறும், அந்தத் தாள் பேசட்டும்.

அவன் சம்மதிக்காவிட்டாலும் சேர்க்க முடியுமா என்றால், முடியும், ஆனால் வரம்போடு. நீங்கள் அவனுடைய ‘நியமனப் பிரதிநிதி’யாக (அவன் சார்பில் நிற்கச் சட்டம் ஏற்கும் ஆளாக) கையெழுத்திட, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டால், 89-ஆவது பிரிவின்படி 30 நாள் வரை. தனியார் ‘ஹோம்’ எதுவும் வேன் அனுப்பி, ஆட்களை விட்டுக் கட்டித் தூக்கிப்போவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முதல் நாளிலிருந்தே பார்க்கவும் போனில் பேசவும் விட மாட்டோம் என்றால் அந்த இடமே வேண்டாம்.

கோயிலுக்குப் போவதை நாங்கள் தடுக்கவில்லை. ஊசி போட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு பையனும் நீங்களுமாகப் போய்வாருங்கள்.

*

தினமும் ஒரு குவார்ட்டருக்கு மேல் குடிக்கும் என் கணவர், கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு அன்றோடு நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, சுவரில் பூச்சி ஓடுவதாகச் சொல்கிறார். ஐயப்பனே வந்திருப்பதாகப் பேசுகிறார். அருள் வந்திருக்கிறது என்று பக்கத்தில் சொல்கிறார்கள்.
— வாசகி, பெரம்பலூர்

இது அருள் இல்லை சகோதரி, குடி திடீரென்று நின்றதால் மூளை படும் பாடு. கவனிக்காமல் விட்டால் உயிரே போகக்கூடியது. உடனே 108. மனநலப் பிரிவைத் தேட வேண்டாம், கேஷுவாலிட்டிக்கே போங்கள்.

கால அளவைச் சொல்கிறோம், நினைவில் வையுங்கள். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை நாள், கிழமை, இடம் தெரியாத குழப்பம், பூச்சி பாம்பு தெரிவது, காய்ச்சல், படபடப்பு. ஊரில் பலர் மூன்றாம் நாளில்தான் ‘சாமி வந்துட்டார்’ என்கிறார்கள். நாள் கணக்கைப் பார்த்தாலே உண்மை புரியும்.

டாக்டரிடம் இரண்டு செய்தி போய்ச் சேர வேண்டும்: தினமும் எவ்வளவு, கடைசியாக எந்த நாள் எத்தனை மணிக்கு. மாலை போட்ட வீட்டில் குடியைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு “காய்ச்சல்” என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். அப்போது வெறும் குளுக்கோஸ் ஏறும். நாள்பட்டுக் குடித்தவருக்கு தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி முதலில் போக வேண்டும். அது இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். குடித்ததை மறைக்காமல் சொன்னாலே அந்த ஆபத்து விலகும்.

மாலை போட்டது நல்ல எண்ணம்தான், அவரைத் திட்டாதீர்கள். அடுத்த வருஷம் போடுவதானால் பத்து நாளுக்கு முன்பே மனநலப் பிரிவு ஓ.பி.க்குப் போய், மருந்து வைத்துக் குறைத்து, அப்புறம் மாலை.

*

தங்கைக்கு 19 வயது, திருச்சியில் ஹாஸ்டல். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு “என்னை மன்னிச்சிடுங்க அண்ணா” என்று மெசேஜ் வந்தது. கை கால் ஓடாமல் எல்லாருக்கும் போன் செய்தேன். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறாள். அந்த நேரத்தில் நான் எதை முதலில் செய்திருக்க வேண்டும்?
— அண்ணன், பெங்களூர்

முதலில் அவளுக்கே போன். எடுத்ததும் நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதாம்மா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கும் உண்டு. அது தவறு. கேட்டால் பெரும்பாலும் அழுகைதான் வரும், பாரம் இறங்கும். “ஆமா” என்றால் அடுத்த கேள்வி: “அதுக்கு ஏதாவது கையில வெச்சிருக்கியா?” இருந்தால் “அதை அங்கேயே விட்டுட்டு எழுந்து வெளியே வா, ரூம்மேட் பக்கத்துல போய் உட்காரு, நான் லைன்லயே இருக்கேன்” என்று சொல்லி லைனிலேயே இருங்கள்.

அதே நேரத்தில் உங்கள் அறைத்தோழரின் போனிலிருந்து வார்டனுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் பெங்களூரிலிருந்து 108 அழுத்தினால் அது கர்நாடகத்து 108-க்குத்தான் போகும். திருச்சிக்கு வண்டி அனுப்ப, திருச்சியில் இருப்பவர்தான் அழைக்க வேண்டும். ஆகவே ஹாஸ்டல் வார்டன், ரூம்மேட், உள்ளூர் உறவினர் ஒருவர் என்று மூன்று எண்கள் எப்போதும் உங்கள் போனில் இருக்கட்டும். வெளியூரில் பிள்ளை படிக்கும் எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்கிறோம். 14416 மட்டும் நாடு முழுக்க ஒரே எண். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது தமிழை அழுத்தலாம்.

அந்த மெசேஜைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அடுத்த பத்து நிமிஷத்தில் பதினைந்து பேர் அவளைக் கூப்பிட்டு “அப்பா அம்மாவை நினைச்சியா?” என்று கேட்பார்கள். ஏற்கெனவே தன்னைப் பாரமாக நினைப்பவளுக்கு அது இன்னொரு பாரம். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியமும் செய்யாதீர்கள். “உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” என்பது நேர்மையான வாக்கு.

இப்போது வீட்டில் இருக்கிறாள் என்கிறீர்கள். டாக்டரைப் பார்த்தாயிற்றா என்று கடிதத்தில் இல்லை. இன்னும் பார்க்கவில்லை என்றால் நாளைக்கே. திருச்சியானால் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை எழுதித் தந்தால் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி, பெரியவர் ஒருவர் கையில் வைத்து வேளாவேளைக்குக் கொடுங்கள். முகம் தெளிந்துவிட்டது என்று பத்தாம் நாள் தனியாக விட வேண்டாம். முதல் சில வாரங்கள்தான் கவனமாக இருக்க வேண்டியவை. விவசாய வீடானால் பூச்சிமருந்து வீட்டில் இருக்கக் கூடாது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வைத்து மருந்தை அங்கே வைக்கும் முறையைச் செய்து பார்த்தார்கள். அந்த வேகத்தில் கைக்கு எட்டாமல் போனாலே போதும், பல உயிர் தப்பும். கணநேர வேகம் தணிந்ததும் முடிவும் மாறிவிடுவது உண்டு. உங்கள் ஊரில் அப்படி ஏற்பாடு இல்லாவிட்டால், பங்காளி வீட்டு மோட்டார் ரூமில் பூட்டி, சாவியை அவரிடமே விடுங்கள்.

*

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகுமே? அதற்குப் பயந்து வயிற்றுப்போக்கு என்று சொல்லிச் சேர்க்கிறார்கள்.
— வாசகர், தர்மபுரி

அந்தப் பொய்தான் ஆளைக் கொல்கிறது. ஒவ்வொரு விஷத்துக்கும் சிகிச்சை வேறு. என்ன சாப்பிட்டார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று தெரியாத டாக்டர் இருட்டில் தேடிக்கொண்டிருப்பார். பாட்டிலையோ அட்டையையோ கையோடு கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். “நல்லாத்தானே பேசறான்” என்று வீட்டிலேயே வைத்திருக்கவும் கூடாது. சிலவகை மருந்தும் விஷமும் முதல் நாள் ஒன்றுமே காட்டாது. ஈரல் கெட்டது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும், அப்போது நேரம் கடந்திருக்கும்.

சட்டத்துக்கு வருவோம். மருத்துவமனையில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதி, காவல்நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது நடைமுறை. காவலர் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போகலாம். அது பதிவு, தண்டனை அல்ல. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவர்மேல் வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு இல்லவே இல்லை. தற்கொலைக்கு முயன்று அரசு ஊழியரை மிரட்டிக் காரியம் சாதிக்கப் பார்ப்பதற்கு மட்டும் 226 என்று ஒரு பிரிவு உண்டு, வீட்டில் மனம் உடைந்தவருக்கு அது பொருந்தாது. யாராவது கேஸ் என்று மிரட்டிப் பணம் கேட்டால் 15100-க்கு அழைத்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள்.

*

அக்காவுக்குப் பிரசவமாகி ஒன்பது நாள். தூங்குவதே இல்லை. குழந்தையை மாற்றிவிட்டார்கள், இது என் பிள்ளை இல்லை என்கிறாள். பிரசவ ஜன்னி, தானாகச் சரியாகும் என்கிறார் பாட்டி.
— தங்கை, சிவகாசி

இதைப் படித்ததும் கிளம்புங்கள். பிரசவமான ஆஸ்பத்திரிக்கே போகலாம், அல்லது பெரிய அரசு மருத்துவமனைக்கு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் வரும் மனநோய் இது. மணிக்கு மணி மாறும், காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் தாயாகவே இருக்க மாட்டார். ஆஸ்பத்திரி போய்ச்சேரும் வரை அக்காவையும் குழந்தையையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள், குளியலறைக்குப் போனாலும் ஒருவர் வாசலில் நிற்கட்டும். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், கிருமித் தொற்றாலும் இப்படி ஆகும். பால் கொடுப்பதைத் தொடரலாமா என்று மருந்தைப் பார்த்து டாக்டர் சொல்வார். நன்றாகக் குணமாகக்கூடிய நோய் இது, பாட்டிக்கும் அதைச் சொல்லுங்கள்.

*

ஊசி போட்ட மறுநாள் தம்பிக்குக் கழுத்து ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது, கண் மேலே செருகியது. மருந்தை நிறுத்திவிட்டோம்.
— வாசகர், கும்பகோணம்

ஹாலோபெரிடால் போன்ற ஊசிகளால் முதல் சில நாளில் வரும் தசைப்பிடிப்பு அது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பினர்கன் போன்ற ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். பழைய சீட்டோடு கேஷுவாலிட்டிக்குப் போங்கள். நாக்கு தடித்து மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. மருந்தை ஒரேயடியாக நிறுத்தாமல், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இதுவே, உடம்பு கட்டைபோல விறைத்துக் கடும் காய்ச்சலும் குழப்பமும் வந்தால் அது வேறு. அந்த மருந்தை அடுத்த வேளை கொடுக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரி.

*

வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு சாவைப் பற்றிய எண்ணம் வருகிறது. பகலில் வேலைக்குப் போகிறேன், சிரிக்கிறேன். 14416-க்குப் போன் செய்தால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா? என்ன பேசுவது என்றும் தெரியவில்லை.
— பெயர் வேண்டாம்

எழுதினீர்களே, அதற்கு நன்றி. எழுதும் அளவுக்கு உங்களுக்குள் ஒருவர் உங்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

14416 அழுத்தினால் முதலில் பதிவுக்குரல் மொழியைக் கேட்கும். பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் எடுப்பார். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் இந்த ஒரு வரி போதும்: “ராத்திரியில சாகணும்னு தோணுது, யார்கிட்டயும் சொன்னதில்ல.” மீதியை அவர் கேட்டுக்கொள்வார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார். நீங்கள் சொல்வது ரகசியமாகவே இருக்கும். உங்கள் உயிருக்கு அந்த நிமிஷமே ஆபத்து என்றால் மட்டும் உதவி அனுப்பப் பார்ப்பார்கள். அரசு சேவை வேண்டாம் என்று தோன்றினால் சென்னையில் ‘சினேகா’ இருக்கிறது: 044-24640050. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் பேசுவார்கள். புத்திமதி சொல்ல மாட்டார்கள், காது கொடுப்பார்கள். லைன் பிசியாக இருந்தால் ‘இதுவும் இல்லை’ என்று வைத்துவிடாமல் அடுத்த எண்ணை அழுத்துங்கள்.

இன்றைக்குச் சாயங்காலமே, எண்ணம் வருவதற்கு முன், மூன்று வேலை செய்துவிடுங்கள். எதைக் கொண்டு என்று மனம் யோசிக்கிறதோ அதை வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள், அல்லது வேறொருவர் கையில் சாவியைக் கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, தனியறையில் படுக்காதீர்கள். கூடத்தில் அம்மா பக்கத்தில் பாயைப் போடுங்கள், புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவது, ஒரு சின்னத் தாளில் இரண்டு பெயரும் அந்த எண்களும் எழுதிப் போன் கவருக்குள் செருகுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூளை எதையும் தேடித் தராது, தாள் தரும். குடிக்கும் பழக்கம் இருந்தால் இந்த நாட்களில் வேண்டாம். போதையில் எண்ணத்துக்கும் செயலுக்கும் இடைவெளி சுருங்கிவிடும்.

அந்த இரண்டு பெயரில் ஒருவருக்கு, இதைப் படித்து முடித்ததும், “நாளைக்குக் காலையில என்கூட ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?” என்று அனுப்புங்கள். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு காலையிலேயே கொடுத்துவிடுவார்கள், எட்டு மணிக்கு வரிசையில் நின்றால் நல்லது. சீட்டு கொடுப்பவரிடம் “மனநலப் பிரிவு” என்றால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டார். உள்ளே டாக்டரிடம், எங்களுக்கு எழுதிய அதே நாலு வரியைப் படித்துக்காட்டுங்கள்.